துத்தநாகம் மேலே 95, கீழே 210: கண்காணிப்பு நிலைய அளவீடுகளை எப்படிப் படிப்பது?

கேள்வி: ஒரே ஆற்றில் மேல்நிலையம், கீழ்நிலையம் என்று இரண்டு கண்காணிப்பு இடங்களின் நீர், வண்டல் அளவீட்டு அட்டவணை கிடைத்திருக்கிறது. மேலே காலை 6 மணிக்கும் கீழே மாலை 4 மணிக்கும் மாதிரி எடுத்திருக்கிறார்கள். வண்டலில் துத்தநாகம் மேலே 95, கீழே 210 மி.கி./கிலோ. நைட்ரேட் மேலே 4, கீழே 18 மி.கி./லிட்டர். கரைந்த ஆக்சிஜன் மேலே 6.9, கீழே 9.8. மொத்த அம்மோனியா நைட்ரஜன் இரண்டிலும் 0.8. நீரில் காட்மியம் பல வரிகளில் '<0.05' என்று இருக்கிறது. கீழ்நிலையத்தில் கலங்கல் ஒரே மாதத்தில் 6-இலிருந்து 340 வரை போய் வருகிறது. கீழ்நிலையம்தான் மோசம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்:

இந்த எண்களை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியிருப்பவற்றில் இரண்டு வித்தியாசங்கள் வித்தியாசமே இல்லாமல் இருக்கலாம். ஒரே மாதிரி தெரியும் 0.8-தான் உண்மையில் பெரிய வித்தியாசத்தை மறைத்துக்கொண்டிருக்கிறது. எளிதானதிலிருந்து தொடங்குகிறேன்.

நைட்ரேட் 4, 18 என்பதைப் பார்த்ததும் கேட்க வேண்டியது, எந்த வடிவத்தில் எழுதியிருக்கிறார்கள் என்பதுதான். சில ஆய்வகங்கள் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் எழுதும். சில முழு நைட்ரேட் அயனியை எழுதும். இரண்டுக்கும் இடையிலான பெருக்கு எண் 4.43. நைட்ரஜனாக 4 என்றால் நைட்ரேட்டாக 17.7. ஆக உங்கள் 4-உம் 18-உம் ஒரே நீராக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. இரண்டு நிலையங்களும் வெவ்வேறு ஆய்வகத்துக்குப் போயிருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். பாஸ்பேட்டிலும் இதே சிக்கல் இருக்கிறது. அங்கே பெருக்கு எண் 3.07. அட்டவணைத் தலைப்பில் 'நைட்ரேட்' என்று மட்டும் இருந்தால் யூகிக்காமல் ஆய்வகத்தின் அசல் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஆக்சிஜன். 9.8 என்றதும் நல்ல ஆறு என்று தோன்றும். ஆனால் நீரின் வெப்பநிலை தெரியாமல் ஆக்சிஜன் எண்ணுக்குப் பொருள் கிடையாது. கடல் மட்டத்தில், காற்றோடு சமநிலையில் இருக்கும் நன்னீர் 20 டிகிரி செல்சியஸில் 9.1 மி.கி. ஆக்சிஜனைத்தான் பிடித்து வைக்கும். 25 டிகிரியில் 8.3, 30 டிகிரியில் 7.6. உப்பு கூடினால் இன்னும் குறையும். கீழ்நிலையத்தில் மாலை 4 மணிக்கு நீர் 29 டிகிரி இருந்தது என்று வைத்துக்கொண்டால், அது பிடிக்கக்கூடியது 7.7-தான். அப்படியானால் 9.8 என்பது சுமார் 127 சதவீதச் செறிவு. காற்றிலிருந்து மட்டும் இவ்வளவு ஆக்சிஜன் வந்திருக்க முடியாது. பாசியும் நீர்த்தாவரங்களும் வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்து தள்ளியிருக்கின்றன. பகலில் தள்ளிய அதே பாசி இரவு முழுக்க மூச்சுவிட்டு ஆக்சிஜனைத் தின்னும். அதனால் மாலையில் 127 சதவீதம் காட்டும் இடம் விடியும் முன் 3 மி.கி.க்குக் கீழே போயிருந்தாலும் வியப்பில்லை. மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அலுவலக நேரத்தில் போய் எடுத்த அளவு அதைக் காட்டவே காட்டாது. மேல்நிலையத்தில் விடியற்காலை 6.9 என்பது, நீர் 26 டிகிரி என்றால், 85 சதவீதம். நாளின் மிகக் குறைந்த நேரத்தில் 85 என்றால் அந்த இடம் நன்றாகவே இருக்கிறது. சிறிய எண் நல்ல செய்தி, பெரிய எண் எச்சரிக்கை.

இந்தப் பகல்–இரவு ஏற்ற இறக்கம் ஆக்சிஜனோடு நிற்பதில்லை. ஒளிச்சேர்க்கை நீரிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதால் பிஹெச் ஏறும். அங்கேதான் உங்கள் 0.8 வருகிறது.

ஆய்வகம் தரும் 'மொத்த அம்மோனியா' என்பது இரண்டின் கூட்டுத்தொகை: அம்மோனியம் அயனி, மின்னூட்டம் இல்லாத அம்மோனியா. செவுள் வழியாக எளிதில் நுழைந்து மீனைக் கொல்வது இரண்டாவது. எந்தப் பங்கு எவ்வளவு என்பதை பிஹெச்சும் வெப்பநிலையும் தீர்மானிக்கின்றன. 25 டிகிரியில் பிஹெச் 7 என்றால் நச்சுப் பங்கு 0.6 சதவீதம்; பிஹெச் 8-இல் 5 சதவீதத்துக்குச் சற்று மேல்; பிஹெச் 9-இல் 36 சதவீதம். உங்கள் அட்டவணையில் பிஹெச் பத்தி இருந்தால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மேலே காலையில் 26 டிகிரி, பிஹெச் 7.4 என்றால் 0.8-இல் 1.5 சதவீதம், அதாவது 0.012 மி.கி. கீழே மாலையில் 29 டிகிரி, பிஹெச் 8.9 என்றால் 37 சதவீதம், அதாவது 0.30 மி.கி. ஒரே 0.8, நச்சில் 25 மடங்கு வித்தியாசம். மீன்களுக்கு நெடுநாள் தீங்கு லிட்டருக்கு நூற்றில் சில பங்கு மில்லிகிராமிலேயே தொடங்கிவிடும் என்பதை வைத்துப் பார்த்தால் 0.30 சாதாரண எண் இல்லை. அதே சமயம், மேல்நிலையத்தில் மாலை 4 மணிக்கு பிஹெச் எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. அங்கும் பாசி இருந்தால் அங்கும் ஏறியிருக்கும். இடத்தை ஒப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நேரத்தை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். இதற்கு மருந்து, இரண்டு இடத்திலும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் சென்சாரை இரண்டு மூன்று முழு நாட்கள் இறக்கி வைப்பதுதான். அது கிடைக்காவிட்டால் விடியும் முன் ஒன்றும் பிற்பகலில் ஒன்றுமாக, அதே நாளில், இரு இடத்திலும் எடுக்க வேண்டும்.

பிஹெச் அளவு ஆற்றங்கரையிலேயே எடுத்ததா, ஆய்வகத்தில் எடுத்ததா என்பதையும் கேளுங்கள். பாட்டிலில் அடைத்துக் கொண்டுபோகும் வழியிலேயே கார்பன் டை ஆக்சைடு வெளியேறியோ சேர்ந்தோ பிஹெச் மாறிவிடும். ஆய்வக பிஹெச்சை வைத்து மேலே போட்ட அம்மோனியா கணக்கைப் போட்டால் விடை வீண்.

மின்கடத்துத்திறனில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 25 டிகிரிக்குத் திருத்திய எண்ணா என்று மட்டும் பாருங்கள். திருத்தாவிட்டால் டிகிரிக்கு சுமார் 2 சதவீதம் பிசகும். 'மொத்தக் கரைந்த உப்பு' என்று கைக்கருவி காட்டுவது பெரும்பாலும் தனி அளவீடு கிடையாது, கடத்துத்திறனை 0.5 முதல் 0.7 வரையிலான ஏதோ ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. அதைத் தனித் தகவலாக எண்ணாதீர்கள்.

இனி காட்மியத்தின் '<0.05'. அது பூஜ்யம் அல்ல. 'இந்த முறையில் 0.05 மைக்ரோகிராமுக்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் எங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது' என்று ஆய்வகம் கைதூக்குகிறது, அவ்வளவுதான். பலர் இந்த இடத்தில் எல்லையின் பாதியை, அதாவது 0.025-ஐப் போட்டு சராசரி எடுத்துவிடுகிறார்கள். ஒன்றிரண்டு வரிகளென்றால் பாதகமில்லை. ஆனால் முந்தைய ஆண்டுகளில் பழைய கருவியில் '<1' என்றும், பின்னர் புதிய கருவியில் '<0.05' என்றும் இருந்தால், பாதி விதிப்படி 0.5 என்ற எண் திடீரென்று 0.025 ஆகிவிடும். வரைபடத்தில் காட்மியம் இருபதில் ஒரு பங்காகக் குறைந்ததாகத் தெரியும். ஆற்றில் எதுவும் நடந்திருக்காது, கருவி மாறியிருக்கும். போக்கைப் பார்க்க வேண்டுமானால் மிக உயர்ந்த எல்லைக்குக் கீழே உள்ள எல்லா மதிப்புகளையும் ஒரே கூட்டமாக வைத்துத் தரவரிசை முறையில் ஒப்பிடுங்கள், அல்லது எல்லைக்குக் கீழுள்ள மதிப்புகளைக் கையாளவென்றே உள்ள புள்ளியியல் முறைகளைப் பயன்படுத்துங்கள். பாதிக்கு மேல் '<' என்று இருந்தால் சராசரியே எழுதாதீர்கள். எத்தனை மாதிரிகளில் கண்டறியப்பட்டது என்பதை எழுதினாலே போதும்.

உலோகம் பற்றி இன்னொன்று. 'கரைந்த' உலோகம் என்பது 0.45 மைக்ரான் வடிகட்டியில் இறங்கியது. 'மொத்த' உலோகம் என்பது வடிகட்டாத நீரில் அமிலம் சேர்த்துக் கரைத்தது. வடிகட்டிய பிறகுதான் நைட்ரிக் அமிலம் விட்டு பிஹெச்சை 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். களத்தில் அவசரத்தில் அமிலத்தை முதலில் விட்டுவிட்டு ஆய்வகத்தில் வடிகட்டினால், துகளில் ஒட்டியிருந்த உலோகம் கரைந்து வந்து 'கரைந்த' கணக்கில் ஏறிவிடும். அறிக்கையில் இதை எப்படிப் பிடிப்பது? கலங்கல் கூடிய நாட்களில் மட்டும் 'கரைந்த' உலோகமும் சேர்ந்து குதித்தால் சந்தேகப்படுங்கள். 'கரைந்த' அளவு 'மொத்த' அளவைவிட 20 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால் எங்கோ மாசு கலந்திருக்கிறது. துத்தநாகம் இதில் பேர்பெற்றது: பவுடர் தடவிய கையுறை, ரப்பர் வளையம், துத்தநாகம் பூசிய வாளி எல்லாமே அதை விடும். அதனால்தான் களத்தில் தூய நீரை அதே வடிகட்டி, அதே பாட்டில் வழியாக விட்டு எடுக்கும் வெற்று மாதிரியைப் பார்க்கச் சொல்வது. வெற்று மாதிரியில் 4 மைக்ரோகிராம் துத்தநாகம் இருந்தால், ஆற்று நீரில் 6 என்று வந்த எண்ணை வைத்து வாதாட முடியாது.

முக்கிய அயனிகள் எல்லாம் அளந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு சோதனை போடலாம். எல்லாவற்றையும் மில்லிசமானமாக (எடையை விட்டுவிட்டு மின்னூட்டத்தின் எண்ணிக்கையைக் காட்டும் அலகு) மாற்றி நேர்மின் அயனிகளைத் தனியாகவும் எதிர்மின் அயனிகளைத் தனியாகவும் கூட்டுங்கள். சாதாரண ஆற்று நீரில் இரண்டும் 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். 15 சதவீதம் விலகினால் ஏதோ ஒரு அளவு தவறு, அல்லது ஒன்றை அளக்க விட்டுவிட்டார்கள்.

சரி, வண்டல். உங்கள் கேள்வியின் நடுப்புள்ளி இதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் 210 என்பது உலர் எடைக்கா, ஈர எடைக்கா? 60 சதவீதம் ஈரம் உள்ள சேற்றில் ஈர எடைக்கு 84 என்றால் உலர் எடைக்கு 210. வண்டல் எண்கள் உலர் எடைக்குத்தான் எழுதப்பட வேண்டும். ஆனாலும் பழைய அட்டவணைகளில் கலந்து கிடக்கும். இரண்டாவது, எப்படிக் கரைத்தார்கள்? ஹைட்ரோபுளோரிக் அமிலம் சேர்த்தால் மணலின் சிலிக்கேட் உட்பட எல்லாமே கரையும். ராஜதிராவகம் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களின் கலவை) போட்டால் பெரும்பகுதி கரையும், சிலிக்கேட்டுக்குள் பூட்டியிருப்பது வராது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் துகளின் மேலே ஒட்டியதை மட்டும் இழுக்கும். மூன்றும் சரியான முறைகள்தான். ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான் தவறு.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது, துகள் அளவு. உலோகமும் பாஸ்பரஸும் பல கரிம நச்சுகளும் துகளின் மேற்பரப்பில் ஒட்டுகின்றன. களிமண்ணுக்கும் நுண்வண்டலுக்கும் மேற்பரப்பு அதிகம். அதன்மேல் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளும் கரிமப்பொருளும் படிந்திருக்கும். மணல் பெரும்பாலும் வெறும் குவார்ட்ஸ்; அதில் ஒட்ட இடமில்லை. மேல்நிலையத்தில் ஓட்டம் வேகமாக இருந்து மணலும், கீழ்நிலையத்தில் ஓட்டம் அடங்கிச் சேறும் படிந்தால், மாசு எதுவுமே கூடாமல் கீழே எண் கூடும்.

உங்கள் எண்களையே எடுப்போம். 63 மைக்ரானுக்குக் கீழான நுண்பகுதி மேலே 31 சதவீதம், கீழே 70 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துத்தநாகம் முழுக்க நுண்பகுதியில்தான் இருக்கிறது என்று கொண்டால், மேலே 95-ஐ 0.31-ஆல் வகுக்க 306. கீழே 210-ஐ 0.70-ஆல் வகுக்க 300. இரண்டும் ஒன்றுதான். இந்த வகுத்தல் நுண்பகுதி மிகக் குறைவாக உள்ள மணலில் எண்ணை ஊதிவிடும், அதனால் கூடவே அலுமினியத்தோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. அலுமினியம் களிமண்ணின் அங்கம். மனிதச் செயலால் அதன் அளவு வண்டலில் பெரிதாக மாறுவதில்லை. கிலோவுக்கு அலுமினியம் மேலே 25 கிராம், கீழே 57 கிராம் என்றால், ஒரு கிராம் அலுமினியத்துக்குத் துத்தநாகம் 3.8, 3.7 மி.கி. மறுபடியும் ஒன்றுதான். உலகச் சராசரி ஷேல் பாறையில் (களிமண் இறுகி உருவான பாறை, பின்புல அளவாக எடுத்துக்கொள்வது) துத்தநாகம் 95 மி.கி., அலுமினியம் 80 கிராம்; அங்கே விகிதம் 1.2. ஆக இரண்டு நிலையமும் பின்புல அளவைப்போல் சுமார் மூன்று மடங்கு துத்தநாகம் சுமக்கின்றன, மூலம் மேல்நிலையத்துக்கும் மேலே எங்கோ இருக்கிறது. (உங்கள் மேல்நிலையத்தின் 95-உம் ஷேலின் 95-உம் ஒன்றாக இருப்பதைப் பார்த்து 'இயற்கை அளவு' என்று சொல்லிவிடத் தோன்றும். மணல் கலந்த வண்டலில் 95 இயற்கை அல்ல.) இந்தக் கணக்குக்கு முழுக்கரைப்பு எண்கள் வேண்டும், ராஜதிராவகத்தில் அலுமினியம் பாதிக்குப் பாதி வராமல் போகலாம், விகிதம் ஏறிவிடும். முடிந்தால் உலகச் சராசரியை விட்டுவிட்டு, அதே ஆற்றின் உருளை மாதிரியில் (குழாயைச் செங்குத்தாக இறக்கி எடுக்கும் வண்டல் தூண்) ஆழத்தில் கிடக்கும் பழைய வண்டலைப் பின்புலமாக எடுங்கள்.

வழிகாட்டி எண்களோடு ஒப்பிடுவது வேறு கேள்வி. வட அமெரிக்க நன்னீர் வண்டல்களுக்கு 2000-இல் தொகுக்கப்பட்ட அளவுகளில் துத்தநாகத்துக்குக் கீழ் வரம்பு 121, மேல் வரம்பு 459 மி.கி./கிலோ. கீழ் வரம்புக்குள் என்றால் அடிவாழ் உயிர்களுக்குத் தீங்கு அநேகமாக இல்லை. மேல் வரம்பைத் தாண்டினால் அநேகமாக உண்டு. நடுவில் எதுவும் நடக்கலாம். இங்கே ஒப்பிட வேண்டியது திருத்தாத 95, 210-ஐத்தான், 306-ஐ அல்ல. அந்த வரம்புகள் முழு வண்டலுக்கு வகுக்கப்பட்டவை. நுண்பகுதித் திருத்தம் மூலத்தைத் தேட, வரம்பு உயிர்களுக்கான ஆபத்தைத் தேட. இரண்டையும் குழப்பும் அறிக்கைகள் ஏராளம். கீழே 210 என்பது நடுப்பகுதியில் விழுகிறது. அங்கே கரிய, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் சேறு என்றால், சல்பைடு துத்தநாகத்தைக் கட்டிப்போட்டிருக்கும். உயிர்களுக்கு எட்டுவது குறைவு. அதே சேற்றைத் தூர்வாரிக் கரையில் கொட்டிக் காற்றுப்பட விட்டால் சல்பைடு ஆக்சிஜனேற்றம் அடைந்து கட்டு அவிழும். சல்பைடு அளக்க வேண்டுமென்றால் பாட்டிலில் காற்று இடைவெளியே இல்லாமல் சேற்றை நிரப்பிக் குளிரில் அனுப்ப வேண்டும்.

மாதிரி எடுத்த விதமும் எண்ணை மாற்றும். கவ்வி வகைக் கருவியை வேகமாக இறக்கினால் அது தள்ளும் நீரே மேலே கிடக்கும் இளகிய படலத்தை அடித்துக்கொண்டு போய்விடும். புதிதாகப் படிந்த மாசு அந்தப் படலத்தில்தான் இருக்கிறது. கடைசி ஒரு மீட்டரை மெதுவாக இறக்க வேண்டும். மேலே ஏற்றியதும் மூடியைத் திறந்து பாருங்கள்: மேல் நீர் ஓரளவு தெளிவாக நிற்க வேண்டும், வண்டலின் முகம் குலையாமல் இருக்க வேண்டும். வாயில் கல் சிக்கி நீர் ஒழுகியிருந்தால் கொட்டிவிட்டு மறுபடி எடுப்பதுதான் வழி. உலோகத்துக்கு பிளாஸ்டிக் கரண்டியால், கருவிச் சுவரில் படாத நடுப்பகுதியை அள்ளுங்கள். எத்தனை சென்டிமீட்டர் அள்ளினார்கள் என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 5 மில்லிமீட்டர் படியும் இடத்தில் மேல் 10 செ.மீ. என்பது 20 ஆண்டுகளின் கலவை. போன வருடம் மூடிய ஆலையின் பலனை அதில் தேடிப் பயனில்லை. மேல் 2 செ.மீ. என்றால் நான்கு ஆண்டுகள்.

கடைசியாக, 6-க்கும் 340-க்கும் இடையே ஆடும் கலங்கல். அது மழையா, சென்சார் கெட்டதா என்பதை வரைபடத்தின் வடிவமே பெரும்பாலும் சொல்லிவிடும். மழை வெள்ளம் என்றால் சில மணி நேரத்தில் செங்குத்தாக ஏறும், அதே நேரத்தில் நீர்மட்டம் உயரும், மின்கடத்துத்திறன் இறங்கும், பிறகு கலங்கல் வால்போல நீண்டு தணியும். சென்சார் கண்ணாடியில் பாசி படிந்தால் பல நாட்களாக மெல்ல மெல்ல ஏறும், மற்ற அளவுகள் அசையாது, துடைத்த அன்று ஒரே அடியாக விழும். ஒரே ஒரு புள்ளி மட்டும் குதித்துத் திரும்பினால் குமிழியோ இலையோ குறுக்கே வந்திருக்கிறது. களப்பணியாளர் துடைக்கும் முன் ஒரு அளவு, துடைத்த பின் ஒரு அளவு, கலங்கல் அளவு முன்பே தெரிந்த நியமக் கரைசலில் ஒரு அளவு என மூன்றையும் எழுதியிருந்தால் படிவால் வந்த பிசகையும் கருவி விலகலையும் தனித்தனியாகக் கழிக்கலாம். ஒன்றை மட்டும் எழுதியிருந்தால் கழிக்க வழியில்லை. அலகையும் பாருங்கள்: வெள்ளொளியில் அளப்பது என்.டி.யு., அகச்சிவப்பில் அளப்பது எஃப்.என்.யு. ஒரே நீரில் இரண்டும் வேறு எண் தரும்.

அந்த 340-ஐ ஒதுக்கிவிட்டுச் சராசரி போட வேண்டாம். ஓடும் வண்டலின் எடை, செறிவையும் ஓட்டத்தையும் பெருக்கினால் வருவது: லிட்டருக்கு 1 மி.கி., நொடிக்கு 1 கன மீட்டர் என்றால் நாளைக்கு 86.4 கிலோ. சாதாரண நாளில் 20 மி.கி., 5 கன மீட்டர் என்றால் நாளைக்கு 8.6 டன். வெள்ள நாளில் 400 மி.கி., 60 கன மீட்டர் என்றால் 2,070 டன்னுக்கு மேல். அந்த ஒரு நாள், 240 சாதாரண நாட்களுக்குச் சமம். மாதம் ஒருமுறை போய் எடுக்கும் மாதிரியில் இந்த நாள் அகப்படுவது அரிது, துகளில் ஒட்டிய துத்தநாகம் கீழே போவதும் இந்த நாளில்தான். பல ஆறுகளில் வண்டலின் உச்சம் வெள்ள உச்சத்துக்கு முன்பே வந்துவிடும், அதனால் நீர் ஏறும்போதே இரண்டு மூன்று மாதிரி, உச்சத்தில் ஒன்று, இறங்கும்போது ஒன்று என்று எடுக்கச் சொல்லுங்கள். ஆய்வகம் அந்தப் பாட்டிலைக் குலுக்கிப் பிப்பெட்டில் கொஞ்சம் உறிஞ்சி அளக்காமல், பாட்டில் முழுவதையும் வடிகட்டி எடைபோட வேண்டும். பிப்பெட்டுக்குள் ஏறும் முன்பே மணல் அடியில் உட்கார்ந்துவிடும், வெள்ள நீரில் மணல் கணிசமாக இருக்கும்.